தும்மலுக்கு முந்திய கால் விநாடி

கல்யாண வீட்டில் நாலு பேர் விழுந்து விழுந்து சிரிக்கும்போது ஒருவர் மட்டும் சட்டென்று காலோடு காலைப் பின்னிக்கொள்வார். இன்னொருவர், தும்மல் வரப்போகிறது என்று மூக்கு நமநமத்ததும் இடுப்பிலிருக்கும் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வார். பஸ் ஏறுமுன், தேவை இருக்கிறதோ இல்லையோ, ஒருமுறை பாத்ரூம் போய்விட்டு வருவார். வெளியே கிளம்பினால் அடர்நிறப் புடவையாகத் தேடி எடுப்பார். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் "ரெண்டு பெத்தாச்சு, இனிமே இப்படித்தான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இருமினால், தும்மினால், குனிந்து கேஸ் சிலிண்டரை நகர்த்தினால் ஏன் நாலு சொட்டுச் சிறுநீர் கசிகிறது என்பது இவர்களுடைய கேள்வி. உடலியல் ஆய்வாளர்கள் இதையே திருப்பிப் போட்டுக் கேட்டார்கள்: மற்றவர்களுக்கு ஏன் கசிவதில்லை? விதண்டாவாதம் போலத் தோன்றும் இந்த இரண்டாவது கேள்விக்கு விடை தேடியபோதுதான், முதல் பிரச்சினைக்கு ஏற்கெனவே இருந்த ஒரு சிகிச்சை எப்படி வேலை செய்கிறது என்பதும் புரிந்தது. அந்தச் சிகிச்சை ஓர் உடற்பயிற்சி. ஊரில் பாதிப் பேருக்கு அதன் பெயர் தெரியும். சரியாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் குறைவு.

கணக்குப்படி எல்லோருக்கும் கசிய வேண்டும்

சிறுநீர்ப்பை தசையால் ஆன ஒரு பை. சாதாரணமாக 300 முதல் 500 மில்லிலிட்டர் வரை கொள்ளும். அதிலிருந்து வெளியே வரும் குழாய் ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பெண்களுக்கு ஏறக்குறைய 4 சென்டிமீட்டர்தான். பள்ளிப் பாடநூல் அதைச் சிறுநீர்ப் புறவழி என்கிறது. இங்கே வெளிக்குழாய் என்ற பெயரே போதும்.

வயிற்றுக்குள் இருக்கும் அழுத்தத்தை, அது எத்தனை சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கும் என்ற கணக்கில் அளப்பார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது பைக்குள் அழுத்தம் குறைவு. வெளிக்குழாய் தன்னை மூடிவைத்திருக்கும் அழுத்தம் அதைவிட அதிகம். அதனால் ஒன்றும் வெளியே வராது. ஓங்கி ஒரு இருமல் இருமினால் வயிற்றழுத்தம் ஒரே நொடியில் 100 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். ஓய்வாக இருக்கும் வெளிக்குழாயின் மூடும் விசை பலருக்கு அந்த அளவுக்குக் கிடையாது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு இருமலுக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் கசிந்தாக வேண்டும். கசிவதில்லை என்றால், அந்த நொடியில் வேறு ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்பதை 1982-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கான்ஸ்டான்டினோவும் கோவனும் அளந்து காட்டினார்கள். கசிவுத் தொல்லை இல்லாத பெண்களின் சிறுநீர்ப்பையிலும் வெளிக்குழாயிலும் மெல்லிய அழுத்தமானிகளை வைத்து இருமச் சொன்னார்கள். இரண்டிலும் அழுத்தம் ஏறியது. ஆனால் வெளிக்குழாயில் அழுத்தம் முதலில் ஏறியது. பையில் ஏறியது ஏறத்தாழ கால் விநாடி கழித்துத்தான். இருமல் வருவதற்கு முன்பே உடல் கதவைச் சாத்திவிடுகிறது. மூளை இருமச் சொல்லி வயிற்றுத் தசைக்குக் கட்டளை அனுப்பும்போதே, கீழே இருக்கும் தசைக்கும் "இறுக்கு" என்று ஒரு சேதி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்தச் சேதி தாமதமானாலும், தசை அதைக் கேட்டு எழ முடியாமல் துவண்டிருந்தாலும், கணக்கு சொன்னபடி கசியும்.

தரையும் சேறும்

கீழே இருக்கும் அந்தத் தசைக்கு இடுப்புத்தளத் தசை என்று பெயர் வைக்கலாம். முன்னால் அந்தரங்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, இரண்டு பக்கமும் இடுப்பெலும்போடு ஒட்டிக்கொண்டு பரவியிருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றும் இதன் மேல்தான் இருக்கின்றன. இதன் நடுவிலுள்ள இடைவெளி வழியாகத்தான் வெளிக்குழாயும் யோனியும் ஆசனவாயும் கீழே இறங்குகின்றன. கை கால் தசையைப் போல இதுவும் நம் கட்டளைக்குக் கட்டுப்பட்டது. கண்ணுக்குத் தெரியாததால் கட்டளையிடும் பழக்கம்தான் நமக்கு இல்லை.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மகளிர் மருத்துவ ஆய்வாளர் ஜான் டிலான்சி, இறந்தவர்களின் உடல்களில் இந்தப் பகுதியை நுணுக்கமாக அறுத்துப் பார்த்தவர். வெளிக்குழாய்க்கு அடியில் யோனியின் முன்சுவரும் சவ்வும் சேர்ந்து தூளி போல ஒரு தாங்கல் இருப்பதையும், அதன் இரு ஓரங்களையும் இடுப்புத்தளத் தசை இழுத்துப் பிடித்திருப்பதையும் கண்டார். 1994-இல் அதை ஒரு கருதுகோளாக வெளியிட்டார். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ள, செடிக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை நினைத்தால் போதும். சிமென்ட் தரையில் கிடக்கும் குழாயைக் காலால் மிதித்தால் தண்ணீர் நின்றுவிடும். அதே குழாய் சேற்றில் கிடந்தால், மிதிக்க மிதிக்கச் சேற்றுக்குள் அமிழும். தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். இருமல் மேலிருந்து வெளிக்குழாயை மிதிக்கிறது. அடியிலுள்ள தாங்கல் உறுதியாக இருந்தால் அந்த மிதியே குழாயை மூடிவிடும். தொய்ந்திருந்தால் குழாயும் சேர்ந்து இறங்கும்.

தொய்வு எப்படி வருகிறது? பெரிய காரணம் பிரசவம். 2004-இல் டிலான்சியின் குழு கணினியில் பிரசவத்தை உருவகப்படுத்திப் பார்த்தபோது, குழந்தையின் தலை வெளிவரும் தருணத்தில் இந்தத் தசையின் உட்பகுதி தன் நீளத்தைப் போல 3.26 மடங்குக்கு இழுபட்டது. உடம்பின் வேறெந்தத் தசையையும் இப்படி இழுத்தால் பிய்ந்துபோகும். பெரும்பாலானவர்களுக்கு இது மீண்டு வருவதுதான் ஆச்சரியம். சிலருக்கு எலும்போடு ஒட்டிய இடத்திலேயே பிய்ந்துவிடுகிறது. உடல் பருமன், ஆறாத இருமல், மலச்சிக்கலால் முக்கி முக்கிப் போவது, மாதவிடாய் நின்றபின் திசுக்கள் மெலிவது ஆகியவை மற்ற காரணங்கள்.

"ரெண்டு பெத்தாச்சு" என்ற வாக்கியத்தை முழுக் காரணமாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு ஒரு சான்று உண்டு. 1994-இல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் விளையாட்டு வீராங்கனைகள் 144 பேரிடம் இங்கிரிட் நைகார்டு என்ற மருத்துவர் கேட்டறிந்தார். சராசரி வயது ஏறக்குறைய 20; யாரும் குழந்தை பெறாதவர்கள். விளையாடும்போது சிறுநீர் கசிந்திருக்கிறது என்று சொன்னவர்கள் 28 சதவீதம். குதித்து இறங்கும் ஜிம்னாஸ்டிக் வீராங்கனைகளிடம் இது மிக அதிகம்.

இருமல், தும்மல், குதித்தல் என வயிற்றழுத்தம் ஏறும்போது வருவதை அழுத்தக் கசிவு என்று குறிப்பிடலாம். திடீரென்று அடக்கமுடியாத உந்துதல் வந்து, பாத்ரூம் போய்ச் சேருமுன் நனைந்துவிடுவது வேறு வகை. அது அவசரக் கசிவு. இரண்டும் கலந்து வருபவர்களும் ஏராளம். இந்த அத்தியாயம் பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது.

கெகலுக்கு முன்னால் ஒரு நடனக்காரர்

கெகல் பயிற்சி என்று உலகம் முழுவதும் வழங்கும் பெயர் அமெரிக்க மகளிர் மருத்துவர் அர்னால்டு கெகலிடமிருந்து வந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பணியாற்றிய அவர் 1948-இல் இதுபற்றிய கட்டுரையை வெளியிட்டார். பெயர் அவருக்குப் போனாலும் எண்ணம் அதற்கு முன்பே இருந்தது. பிரிட்டனில் மார்கரெட் மாரிஸ் என்ற நடனக் கலைஞர், பிசியோதெரபியும் படித்தவர், பிரசவத்துக்குப் பிந்தைய பயிற்சிகளில் இந்தத் தசைகளை இறுக்கித் தளர்த்துவதை 1936-லேயே சேர்த்திருந்தார். யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் "இது மூலபந்தம்தானே" என்பார்கள். இறுக்கும் இடம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அங்கே நோக்கம் வேறு, எத்தனை முறை, எந்தத் தருணத்தில் என்ற கணக்கும் வேறு.

கெகல் கூட்டிச் சேர்த்தது ஒரு கருவி. யோனிக்குள் வைக்கும் ரப்பர் அறை, அதிலிருந்து ஒரு குழாய், முனையில் அழுத்தம் காட்டும் முள். பெண் தசையை இறுக்கினால் முள் ஏறும். அதை அவரே பார்க்கலாம். இருக்கிற இடமே தெரியாத தசைக்கு இது ஒரு கண் கொடுத்தது. நாளுக்கு மூன்று வேளை, வேளைக்கு 20 நிமிடம் பயிற்சி செய்யச் சொன்னார் கெகல். அது கிட்டத்தட்ட 300 இறுக்கங்கள். பின்னால் வந்தவர்கள் பெயரை வைத்துக்கொண்டு கருவியை விட்டுவிட்டார்கள்; தசை சரியாக இறுகுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையும் கருவியோடு சேர்ந்து போய்விட்டது. கெகலின் பெயர் துண்டுப் பிரசுரத்தில் அச்சாகிற வெறும் குறிப்பாகச் சுருங்கியது அப்படித்தான். இன்றைய குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

மடித்த காகிதமும் மூன்று இருமலும்

பயிற்சி எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, 1998-இல் வெளியான ஒரு சின்ன ஆய்வைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். மிச்சிகனில் ஜானிஸ் மில்லர் என்ற செவிலியர்-ஆய்வாளர், டிலான்சியோடும் பொறியியலாளர் ஆஷ்டன்-மில்லரோடும் சேர்ந்து நடத்தியது. 27 பெண்கள், சராசரி வயது 68. எல்லோருக்கும் லேசானதிலிருந்து நடுத்தரம் வரையிலான அழுத்தக் கசிவு.

அளக்கும் முறை எளிமையின் உச்சம். பொதுக் கழிப்பறைகளில் கை துடைக்கத் தொங்குமே, மூன்றாக மடித்த பழுப்புக் காகிதம், அதுதான் கருவி. சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது பெண் எழுந்து நின்று, காகிதத்தைக் காலிடுக்கில் உடலோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். மூன்று முறை இருமுவார். காகிதத்தை எடுத்து ஈரமான பரப்பை அளப்பார்கள். சொட்டுகள் கூடினால் ஈரப் பரப்பும் கூடும். அதை வைத்துக் கசிவு எவ்வளவு என்று கணக்கிடலாம். நடுத்தர இருமலுக்கு ஒரு காகிதம், ஆழமான இருமலுக்கு இன்னொன்று.

அடுத்து பாடம். முதலில், உடற்பரிசோதனை செய்து, சரியான தசையை எப்படி இறுக்குவது என்று ஒவ்வொருவருக்கும் சொல்லித் தந்தார்கள். பிறகு எப்போது இறுக்குவது என்பது. இருமல் வரப்போகிறது என்று உணர்ந்ததும், அதற்கு ஒரு கணம் முன்பே இறுக்கு. இருமி முடியும் வரை விடாதே. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சூட்சுமம் எனலாம். சொன்னதெல்லாம் அவ்வளவுதான். பெண்கள் வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பழகினார்கள்.

ஒரு வாரம் கழித்து வந்தவர்களிடம், அதே நாளில், அதே நிறைந்த பையோடு, இரண்டு விதமாக இருமச் சொன்னார்கள்: சூட்சுமம் இல்லாமல் ஒரு காகிதம், சூட்சுமத்தோடு ஒரு காகிதம். நடுத்தர இருமலில் கசிவு சராசரியாக 98 சதவீதம் குறைந்தது. ஆழமான இருமலில் 73 சதவீதம்.

இந்த எண்களை விட, எத்தனை நாளில் என்பதைக் கவனிக்க வேண்டும். எந்தத் தசையும் ஒரு வாரத்தில் பருப்பதில்லை. ஜிம்மில் சேர்ந்த முதல் வாரம் யாருக்கும் புஜம் ஏறுவதில்லை. நார்கள் தடிக்க ஆறு, எட்டு வாரமாவது ஆகும். அப்படியானால் அந்த 68 வயதுப் பெண்களிடம் ஒரே வாரத்தில் மாறியது தசையின் பலம் அல்ல, நேரம். உடல் தானாகச் செய்துகொண்டிருந்த கால் விநாடி முன்னேற்பாடு தவறிப்போயிருந்தது. அதை விருப்பத்தோடு செய்யக் கற்றுக்கொண்டார்கள். பழகப் பழக யோசிக்காமலேயே வரும், சைக்கிளில் பிரேக் பிடிப்பது மாதிரி. ஆழமான இருமலில் மிஞ்சிய கால் பங்குக் கசிவு இன்னொன்றைச் சொல்கிறது: அழுத்தம் பெரிதானால் நேரம் மட்டும் போதாது, தசைக்குப் பலமும் வேண்டும். அதற்குத்தான் மாதக் கணக்கில் பயிற்சி.

இறுக்குவதாக நினைத்து முக்குபவர்கள்

1991-இல் அமெரிக்க மருத்துவர் ரிச்சர்டு பம்ப்பும் அவருடைய குழுவினரும் 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் விளக்கிவிட்டு, அவர்கள் செய்வதைக் கருவி வைத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரே சரியாகச் செய்தார்கள். மற்ற பாதியில் இன்னும் மோசமான செய்தி இருந்தது: மொத்தத்தில் நாலில் ஒருவர், இறுக்கி மேலே தூக்குவதற்குப் பதிலாக மலம் கழிக்க முக்குவதுபோலக் கீழே தள்ளிக்கொண்டிருந்தார். அப்படி நாள்தோறும் செய்தால் கசிவு கூடத்தான் வாய்ப்பு. துண்டுப் பிரசுரத்தைக் கையில் கொடுத்து "வீட்டில் செய்துவாருங்கள்" என்று அனுப்பும் ஒவ்வொரு மருத்துவமனையும் இந்த நாலில் ஒருவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சரியான இறுக்கம் எப்படி இருக்கும்? நாலு பேர் நடுவே வாயு பிரியாமல் அடக்குவது போல ஆசனவாயைச் சுருக்கி, அதே நேரம் சிறுநீரை நிறுத்துவது போல முன்பக்கத்தையும் சுருக்கி, இரண்டையும் சேர்த்து உள்ளே மேல்நோக்கி இழுக்க வேண்டும். முதலில் படுத்துக்கொண்டு, முழங்காலை மடித்துச் செய்தால் எளிது. ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொள்ளலாம். வயிறு புடைத்தாலோ கல்லாக இறுகினாலோ தவறு. பிட்டமும் தொடையும் சும்மா கிடக்க வேண்டும். பெரும்பாலானோர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சைப் பிடிக்க முடியாது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், யோனிக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள பகுதி உள்ளே சுருங்குவது தெரியும். வெளியே உப்பினால் அது முக்கல்.

சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பார், அதுதான் பயிற்சி என்று சிலர் சொல்வார்கள். எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள எப்போதாவது ஒருமுறை சரி. அதையே பழக்கமாக்கினால் பை முழுதாகக் காலியாகாமல் போகும். அது வேறு தொல்லைக்கு வழி.

இந்தத் தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் தாங்குபவை. நாள் முழுவதும் உறுப்புகளைச் சுமப்பவை இவையே. மீதி சட்டென்று சுருங்கிச் சட்டென்று களைப்பவை; தும்மலுக்கு ஓடி வருபவை. அதனால் பயிற்சியிலும் இரண்டும் வேண்டும். 6 முதல் 8 விநாடி அழுத்தமாகப் பிடித்து, விடுமுன் அதன் மேலேயே மூன்று நான்கு முறை விரைவாக இறுக்கி, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். இதுபோல 8 முதல் 12 தடவை. நாளுக்கு மூன்று வேளை. படுத்துச் செய்வது கைவந்தால் உட்கார்ந்து, பிறகு நின்று. கெகலின் 300 தேவைப்படவில்லை.

ஓஸ்லோவின் 45 நிமிடம்

இந்த அளவுகளை வகுத்தவர்களில் முக்கியமானவர் நார்வேயின் காரி பூ. ஓஸ்லோவிலுள்ள விளையாட்டு அறிவியல் கல்லூரியைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட். விளையாட்டு வீரர்களைப் பயிற்றுவிக்கும் கண்ணோட்டம் அவருடையது: பளு தூக்குபவரிடம் ஒரு தாளைக் கொடுத்து வீட்டில் தூக்கச் சொல்வோமா?

1990-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 52 பெண்கள். எல்லோருக்கும் தனித்தனியாகப் பயிற்சி சொல்லித் தரப்பட்டது. எல்லோரும் வீட்டில் அதே அளவு செய்தார்கள். ஒரு பாதியினர் மட்டும் கூடுதலாக வாரம் ஒருமுறை 45 நிமிட வகுப்புக்கு வந்தார்கள். வகுப்பில் பயிற்றுநர் முன்னால் நின்று, நிற்கும், உட்காரும், மண்டியிடும் நிலைகளில், "இன்னும், இன்னும், விடாதே" என்று ஊக்குவித்துச் செய்யவைத்தார். ஆறு மாதம் கழித்துக் கசிவு நின்றுவிட்டது அல்லது கிட்டத்தட்ட நின்றுவிட்டது என்று சொன்னவர்கள்: வகுப்புக்கு வந்தவர்களில் 60 சதவீதம், வீட்டோடு நிறுத்தியவர்களில் 17 சதவீதம். பயிற்சி ஒன்றே. வாரத்துக்கு முக்கால் மணி நேரம், ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வித்தியாசம்.

1999-இல் அடுத்த ஆய்வு, 107 பெண்கள், நான்கு குழுக்கள். ஒன்று பயிற்சி, ஒன்றுக்கு மின்தூண்டல், ஒன்றுக்கு யோனிக்குள் வைத்து விழாமல் தாங்கும் எடைக் கூம்புகள், ஒன்றுக்குச் சிகிச்சை இல்லை. ஆறு மாத முடிவில் "இனி எனக்கு இது பிரச்சினை இல்லை" என்றவர்கள் பயிற்சிக் குழுவில் 25-க்கு 14 பேர். மின்தூண்டலில் 25-க்கு 3, கூம்பில் 27-க்கு 2, சிகிச்சை பெறாதவர்களில் 30-க்கு 1.

உலகெங்கும் நடந்த இத்தகைய சோதனைகளைத் திரட்டி ஆராயும் காக்ரேன் அமைப்பு 2018-இல் 31 சோதனைகளை, 14 நாடுகளின் 1,817 பெண்களை, சேர்த்துப் பார்த்தது. அழுத்தக் கசிவு உள்ளவர்களில் பயிற்சி செய்தோரில் 56 சதவீதத்தினர் குணமானதாகச் சொன்னார்கள். செய்யாதோரில் 6 சதவீதம். பக்கவிளைவு என்று சொல்லும்படி எதுவும் பெரிதாக இல்லை. மாத்திரை ஒன்று இப்படி ஒரு முடிவைக் காட்டியிருந்தால் அதன் விளம்பரம் இந்நேரம் எல்லா டிவியிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் காரி பூவே இன்னொரு பக்கத்தையும் காட்டினார். 1990 ஆய்வில் இருந்தவர்களை 15 ஆண்டு கழித்துத் தேடிப்பிடித்தபோது இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் மறைந்திருந்தது. வகுப்பு முடிந்தது, பலருக்குப் பயிற்சியும் முடிந்தது. மற்றத் தசைகளுக்கு உள்ள விதிதான் இதற்கும்.

கருவி வேண்டுமா?

கடையில் இன்று செல்போனோடு இணையும் உணரிகள் வரை விற்கின்றன. தசையிலிருந்து வரும் மின்துடிப்பைத் திரையில் காட்டும் கருவி கூடுதல் பலன் தருமா என்பதை ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்திலும் 600 பெண்களிடம் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வந்தது: நேரில் கற்றுக்கொடுக்கும் சிகிச்சையாளர் இருந்தால், கருவியால் கூடுதல் பலன் இல்லை. ஆளே இல்லாத இடத்தில் நிலைமை வேறு. ஸ்வீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தினர் உருவாக்கிய செல்போன் செயலி, 123 பெண்களிடம் நடந்த சோதனையில், சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களைவிட மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம் காட்டியது. பிரான்சில் பிரசவமான பெண்களுக்கு இடுப்புத்தளப் பயிற்சி அமர்வுகளின் செலவை அரசு மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. பிரசவத்துக்கு முன்பே தொடங்குவதிலும் பலன் உண்டு. நார்வேயின் ட்ரோன்ஹைமில் முதல் குழந்தையைச் சுமந்த 301 பெண்களில், கர்ப்ப காலத்தில் 12 வாரம் பயிற்சி செய்தவர்களுக்குப் பிரசவமாகி மூன்று மாதத்தில் கசிவு 20 சதவீதம், செய்யாதவர்களுக்கு 32.

சாவி கதவில் நுழையும்போது

அவசரக் கசிவுக்காரர்களுக்கு வீட்டு வாசல்தான் எதிரி. வழியெல்லாம் அடக்கிக்கொண்டு வந்தவருக்குச் சாவியைக் கதவில் நுழைக்கும்போது முட்டிக்கொண்டு வரும். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டாலும் சிலருக்கு அப்படித்தான். இங்கே கோளாறு தாங்கலில் இல்லை. பையின் தசை நேரம் காலம் பார்க்காமல் சுருங்குகிறது. ஆனாலும் இடுப்புத்தளத் தசை இங்கேயும் உதவுகிறது. அதை இறுக்கினால் "இப்போது சுருங்காதே" என்று பைக்கு நரம்பு வழியாக ஒரு தடையுத்தரவு போகிறது.

செய்ய வேண்டியது உள்ளுணர்வுக்கு நேர்மாறானது: ஓடக்கூடாது. நின்ற இடத்தில் நின்று, அல்லது உட்கார்ந்து, ஐந்தாறு முறை சட்சட்டென்று இறுக்கி, உந்துதல் அலை தணியும் வரை காத்திருந்து, பிறகு நிதானமாக நடக்க வேண்டும். அமெரிக்காவில் கேத்ரின் பர்ஜியோ 55 முதல் 92 வயது வரையிலான 197 பெண்களிடம் இதைச் சோதித்தார். 1998-இல் வெளியான முடிவில், இந்தப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கசிவு 80.7 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 68.5; வெற்று மாத்திரைக்கு 39.4.

கூடவே, "எதற்கும் இருக்கட்டும்" என்று அரை மணிக்கொரு முறை போகும் பழக்கத்தைக் குறைத்து இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதும் சிகிச்சையின் பகுதி. தண்ணீரைக் குறைப்பது தீர்வாகாது. வேலை செய்யும் இடத்தில் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்பது தெரிந்த கதை. சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலடையும்.

பயிற்சி போதாதபோது

எல்லாக் கசிவும் பயிற்சியால் தீர்ந்துவிடும் என்று நம்பிக்கை ஊட்டுவது நேர்மையாகாது. நெதர்லாந்தில் நடுத்தரத்திலிருந்து கடுமையானது வரையிலான அழுத்தக் கசிவு உள்ள 460 பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்குப் பிசியோதெரபியும் மறு பிரிவுக்கு வெளிக்குழாய்க்கு அடியில் நாடா வைத்துத் தாங்கும் அறுவை சிகிச்சையும் தந்தார்கள். 2013-இல் வந்த முடிவு தெளிவு. ஓராண்டில் முன்னேற்றம் கண்டதாகச் சொன்னவர்கள் அறுவைப் பிரிவில் 91 சதவீதம், பிசியோதெரபியில் 64. பிசியோதெரபியில் தொடங்கியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பிறகு அறுவைக்கு மாறிக்கொண்டார்கள். இதைப் பயிற்சியின் தோல்வி என்று வாசிப்பவர்களும் உண்டு. மறு பாதி கத்தி படாமலே சமாளித்தது என்பதும் அதே எண்ணில்தான் இருக்கிறது. பிரிட்டனின் அரசு வழிகாட்டுதல் முதலில் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு பயிற்சி, பிறகே மற்றவை என்று வரிசைப்படுத்துகிறது.

பயிற்சியைத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் போக வேண்டியவர்களும் உண்டு: சிறுநீரில் ரத்தம், காய்ச்சலோடு எரிச்சல், இரவும் பகலும் ஓயாமல் ஒழுகுதல், காலிடுக்கில் திடீர் மரத்துப்போதல், போக முடியாமல் அடைத்துக்கொள்வது. இந்தத் தசை எப்போதும் இறுகியே கிடந்து வலிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் பாடம் தளர்த்துவதில் தொடங்கும்.

மிச்சமிருப்பது ஆள் கணக்கு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பிசியோதெரபிஸ்ட் மணிக்கணக்கில் உட்கார எந்த நாட்டிலும் ஆள் போதாது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மான்ட்ரியாலிலும் ஷெர்ப்ரூக்கிலும், ஷாந்தால் டுமுலென் தலைமையில் 60 வயதைத் தாண்டிய 362 பெண்களை வைத்து இதற்கு வழி தேடினார்கள். பாதிப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரம் தனி வகுப்பு. மீதிப் பேருக்கு அதே 12 வாரம், எட்டெட்டுப் பேராகச் சேர்ந்து. ஓராண்டு கழித்துக் கசிவு தனி வகுப்பில் 70 சதவீதமும் குழு வகுப்பில் 74 சதவீதமும் குறைந்திருந்தது. 2020-இல் இந்த முடிவு வெளியானபின், எட்டுப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு மருத்துவமனைகளுக்குக் கட்டுப்படியாகும் ஒன்றாகிவிட்டது. ஆனால் ஒரு அமர்வை மட்டும் டுமுலென் குழுவோடு சேர்க்கவில்லை. முதல் நாள், 362 பேரும் ஒவ்வொருவராக, தனியறையில், தசையைச் சரியாக இறுக்குவது எப்படி என்று கற்றுக்கொண்ட பிறகே வகுப்புகள் தொடங்கின.